அரைப்பேரும் அரை மணித்தியாலமும்

உங்கள் ஃபோனில் செட்டிங்ஸுக்குள் போய், திகதி-நேரம் என்கிற இடத்தைத் திறந்து பாருங்கள். இலங்கையில் இருக்கிற பல ஃபோன்களில் ஊர் கொழும்பு என்று இருக்கும். பக்கத்திலேயோ கீழேயோ இன்னொரு பேர் இருக்கும்: இந்திய நேரம். கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால் என்பது சரியான கணக்குத்தான். பேர்தான் பக்கத்து நாட்டினுடையது.

கொழும்பில் இருக்கிற ஒருவருக்கு இது சிரித்துவிட்டுக் கடந்து போகிற விஷயமாக இருக்கலாம். எனக்கு அப்படி இருக்கல்ல. குடிசன மதிப்பீட்டுத் தாளில் "இந்தியத் தமிழர்" என்ற பெட்டிக்குள் தலைமுறை தலைமுறையாக அடைக்கப்பட்ட வீட்டிலிருந்து வருகிறவள் நான். எங்கட வீட்டில் ஒருத்தரும் இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. இப்ப ஃபோனும் அதையே சொல்லுது. இதை யார் எழுதினார்கள் என்று தேடப் போனதில்தான் இந்தக் கட்டுரை வந்தது.

நான் கலைப்பீட மாணவி. கோடிங் எனக்கு வராது. ஆனால் என் கூட்டாளி ஒருத்தி கணினி படிக்கிறாள். அவள் சொன்ன முதல் விஷயமே எனக்குப் புதுசு: நேரமும் நேரத்தின் பேரும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. எந்த ஊரில் எந்தத் திகதியில் கடிகாரம் எவ்வளவு நகர்ந்தது என்ற தரவு ஒரு வீட்டில் இருக்கிறது. அந்த நேரத்தை மனிதருக்கு என்ன பேரில் காட்டுவது என்பது வேறொரு வீட்டில். முதலாவதை டீஸெட் தரவுத்தளம் என்பார்கள். ஆர்தர் டேவிட் ஓல்சன் என்ற அமெரிக்கர் தொடங்கியது, நீண்ட காலமாகப் போல் எகர்ட் பராமரிக்கிறார். இரண்டாவது யூனிகோட் அமைப்பின் சீஎல்டிஆர். ஜாவா, அன்ட்ரொய்ட் எல்லாம் இந்த இரண்டு வீட்டிலிருந்தும் வாங்கித்தான் சமைக்கின்றன. விண்டோஸ் மட்டும் சொந்த அடுப்பு வைத்திருக்கிறது. எங்கேயாவது ஒரு அரசாங்கம் நேரத்தை மாற்றினால் முதல் வீடு திருத்தும், பிறகு ஜாவா தன் உள்ளே இருக்கிற கோப்பைப் புதுப்பிக்கும், பிறகு அந்த ஜாவாவை வைத்திருக்கிற வங்கியோ ஆஸ்பத்திரியோ அப்டேட் போட்டால்தான் சரியான நேரம் வரும். போடாவிட்டால் பழைய நேரத்திலேயே ஓடும். பேர் திருந்துவது இன்னும் தாமதம், சிலவேளை திருந்துவதே இல்லை.

அவள் எனக்கு அந்தத் தரவுத்தளத்தின் ஆசியா என்ற கோப்பை அனுப்பினாள். இலக்கமும் குறியீடுமாக இருக்கும் என்று பயந்துதான் திறந்தேன். பாதிக்கு மேல் உரைநடை! ஒவ்வொரு நாட்டுக்கும் மேலே, "இன்ன திகதியில் இன்னார் எழுதிய மின்னஞ்சல்", "இன்ன பத்திரிகைச் செய்தி" என்று குறிப்புகள். கணினி அந்த வரிகளைப் படிக்காது, தாண்டிப் போகும். மனிதருக்காக மட்டும் வைத்திருக்கிறார்கள். வரலாறு படிக்கிற பிள்ளைகள் யாராவது இதை வாசிக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு ஒரு இறுதியாண்டு ஆய்வே அதற்குள் கிடக்கிறது.

கொழும்பின் வரிகள் இப்படிப் போகின்றன. முதலில் ஊர்ச் சூரியனை வைத்த நேரம். 1880 இலிருந்து மொறட்டுவை சராசரி நேரம், கிரீன்விச்சுக்கு 5 மணி 19 நிமிடம் 32 செக்கன் முன்னால். 1906 இல் ஐந்தரை. பிறகு யுத்தம்: 1942 ஜனவரியில் ஆறு, அதே வருஷம் செப்டெம்பரில் ஆறரை, 1945 ஒக்டோபரில் திரும்ப ஐந்தரை. அதற்குப் பிறகு ஐம்பது வருஷம் அமைதி. 1996 மே 25 நள்ளிரவில் ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளி ஆறரை ஆக்கினார்கள். ஐந்து மாதம் கழித்து, ஒக்டோபர் 26 அதிகாலை 12.30 க்கு, அரை மணி பின்னால் இழுத்து ஆறு. 2006 ஏப்ரல் 15 அதிகாலை 12.30 க்கு இன்னொரு அரை மணி இழுத்து மறுபடி ஐந்தரை. இதோடு கொழும்பின் வரிகள் முடிகின்றன.

1996 மாற்றத்துக்குக் காரணம் மின்சாரம். மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றின, நாடு முழுக்க மின்வெட்டு. கடிகாரத்தை முன்னால் தள்ளினால் பின்னேரம் வெளிச்சம் கூடுதல் நேரம் இருக்கும், பல்ப் எரிக்கிறது குறையும் என்பது கணக்கு. சந்திரிகா ஜனாதிபதியாக இருந்த காலம்.

இந்த இடத்தில்தான் நான் கோப்பை மூடிவிட்டு அம்மாயியிடம் போனேன். ஏனென்றால் அந்த நீர்த்தேக்கங்கள் எங்கட பக்கத்தில்தான் இருக்கின்றன. காசல்ரீ, மவுசாக்கலை, நோர்ட்டன், கெனியன். விமலசுரேந்திர கனவு கண்டு 1950 இல் ஓடத் தொடங்கிய லக்ஷபான. அட்டனிலிருந்து நோர்வூட் பக்கமாக மஸ்கெலியாவுக்கு பஸ்ஸில் போனால் ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் தண்ணி. தண்ணி வற்றினால் பழைய கோயில் கோபுரம் தலை நீட்டும். நாட்டின் வெளிச்சம் இங்கேயிருந்துதான் கம்பியில் இறங்கிப் போனது.

"1996 ல நம்ம லயத்துல கரண்ட் இருந்துச்சா அம்மாயி?" என்று கேட்டேன்.

"ஏது கரண்டு? லாம்புதான். ஸ்டோருக்கும் பங்களாவுக்கும் கம்பி போகும், லயத்துக்குத் தலைக்கு மேலால போகும்."

அப்படியென்றால், பல்ப் மிச்சம் பிடிக்கிறதுக்காக நகர்த்தின கடிகாரம் பல்பே இல்லாத வீட்டுக்கும் சேர்த்துத்தான் நகர்ந்தது. அதுமட்டுமில்ல. நுவரெலியா இருக்கிற தீர்க்கரேகைக்குச் சூரியன் கணக்கில் நேரம் சுமார் 5 மணி 23 நிமிடம். ஐந்தரையே ஏழு நிமிடம் கூடத்தான். ஆறரை என்றால் சூரியனைவிட ஒரு மணித்தியாலத்துக்கு மேல் முந்தி ஓடுகிற கடிகாரம். மே மாதக் கடைசியில் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் விடிகிற மலையில், புது நேரப்படி ஏழு மணிக்குக் கிட்டத்தான் விடியும். அதுவும் மூடுபனி இல்லாவிட்டால்.

தோட்டத்தைத் தெரியாத வாசகருக்கு: எங்கட ஊரில் காலை என்பது பெரட்டில் தொடங்கும். பெரட்டுக்களத்தில் எல்லாரும் வந்து நிற்க, யாருக்கு எந்த மலை என்று பிரித்து அனுப்புவார்கள். அந்தக் காலத்தில் தப்படித்து எழுப்பினார்கள், பிறகு ஸ்டோர்ச் சங்கு. பெரட்டுக்குப் பிந்தினால், அல்லது கொழுந்து நிறுவையில் குறைந்தால், அரைப்பேர். ஒரு நாள் வேலைக்கு நாங்கள் சொல்கிற சொல் "பேர்". "இந்த மாசம் எத்தன பேரு?" என்றால் எத்தனை நாள் சம்பளம் என்று அர்த்தம். செக்ரோலில் உன் பேருக்கு நேரே முழுசாகக் கோடு விழுந்தால் ஒரு பேர், இல்லாவிட்டால் அரை. நேரத்துக்கும் பேருக்கும் உள்ள உறவு எங்களுக்குக் கணினி வந்து சொல்லித் தர வேண்டியதில்ல.

அம்மாயி சொன்னதன்படி புது நேரம் வந்த முதல் கிழமை குழப்பம். பெரட்டு பழைய மணிக்கே என்று துரை சொல்ல, அது புது நேரத்தில் கும்மிருட்டு. டோர்ச் இல்லாதவர்கள் தீப்பந்தம் கொளுத்திக்கொண்டு இறங்கினார்களாம். பனியில் நனைந்த கொழுந்தை இருட்டில் எடுத்தால் முத்தல் இலையும் சேர்ந்து வரும், நிறுவையில் கழிக்கிறது கூடும். அட்டை வேறு. பிறகு அந்தத் தோட்டத்தில் பெரட்டை ஒரு மணித்தியாலம் தள்ளி வைத்தார்கள், அதாவது சூரியனைப் பொறுத்தவரை ஒன்றுமே மாறவில்லை. ஆனால் பஸ், பள்ளிக்கூடம், போஸ்ட் ஒபிஸ் எல்லாம் புது நேரம். அதனால் பத்து வருஷம் எங்கட ஆட்கள் எதைச் சொன்னாலும் ஒரு கேள்வி கூடவே வரும்: "பழைய நேரமா, புது நேரமா?" கலியாணக் கடுதாசியில் முகூர்த்தத்துக்குப் பக்கத்தில் "பழைய நேரம்" என்று அடைப்புக்குள் அச்சடித்த ஒன்றை அம்மாயி இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார். ஊர்க்காரர்கள் தாங்களே ஒரு காட்சிப்பேர் கொடுத்துக்கொண்டார்கள், எந்தத் தரவுத்தளத்தையும் கேட்காமல்.

2006 மாற்றம் சித்திரைப் புத்தாண்டோடு வந்தது. ஏப்ரல் 14 இரவு பன்னிரண்டரை ஆனதும் அதைத் திரும்பப் பன்னிரண்டு ஆக்குங்கள் என்று அறிவிப்பு. மஹிந்த ஜனாதிபதியாகி அரை வருஷம்கூட ஆகவில்லை. அந்த இரவில் 12 மணிக்கும் 12.30 க்கும் இடைப்பட்ட அரை மணி இரண்டு முறை வந்தது. 12.10 க்குப் பிறந்த பிள்ளை எந்த 12.10 க்குப் பிறந்தது? பைதனில் இதற்கென்றே "மடிப்பு" என்ற பொருளில் ஒரு குறி வைத்திருக்கிறார்கள்: முதல் தடவை என்றால் பூச்சியம், இரண்டாம் தடவை என்றால் ஒன்று. இந்தக் குறியை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிறப்புச் சான்றிதழில் அப்படி ஒரு கட்டம் இல்லை.

விண்டோஸில் அதுவரை இலங்கைக்கு "ஸ்ரீ ஜயவர்தனபுர" என்ற பேரில் ஆறு மணித்தியால வலயம் ஒன்று இருந்தது. அதைத் திருத்தி ஐந்தரை ஆக்கி அனுப்பும் வரைக்கும், அந்தத் திருத்தத்தை ஒவ்வொரு மெசினிலும் போடும் வரைக்கும், கைவைத்தியம் ஒன்றுதான்: பட்டியலில் மேலே போய் சென்னை, மும்பை, புதுடில்லி இருக்கிற வரியைத் தெரிவுசெய்வது. அதாவது சரியான நேரம் வேண்டுமென்றால் "நான் இந்தியாவில் இருக்கிறேன்" என்று கணினிக்குச் சொல்ல வேண்டும்.

இப்போது, அந்தக் கோப்பில் என்னை நிறுத்திய குறிப்பு. 1996 இல் அரசாங்கம் நேரத்தை மாற்றியபோது புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் அதை ஏற்கவில்லை. அங்கே கடிகாரம் ஐந்தரையிலேயே நின்றது. 2002 இல் சமாதான காலத்தில் ஏ9 பாதை திறந்தபோது, ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் மணிக்கூட்டை அரை மணி பின்னால் வைக்க வேண்டும். 2006 இல் ரொய்ட்டர்ஸ் இதை எழுதியது, அந்தச் செய்தியின் ஒரு பகுதி கோப்பில் இருக்கிறது. அதற்குக் கீழே பராமரிப்பாளர் போட்ட குறிப்பின் சாரம்: தமிழர் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் இருப்பவர்கள் கொல்கத்தாவின் வலயத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம், 1970 இலிருந்து இரண்டும் ஒத்துப்போகின்றன.

அவர் சொன்னது தவறில்லை. டீஸெட்டின் விதியே அதுதான். 1970 க்குப் பிறகு கடிகாரங்கள் ஒரே மாதிரி ஓடிய இடங்களுக்குத் தனித்தனிப் பேர் தேவையில்லை. அரசியலில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் நாட்டுப் பேர் வைக்காமல் பெரிய நகரத்தின் பேரை வைக்கிறார்கள். ஆனாலும் வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். மல்லாவியில் பிறந்த ஒருவரின் நேரத்தைச் சரியாக எழுத வேண்டுமென்றால், கணினியில் அவர் கொல்கத்தாவில் பிறந்தவராக வேண்டும்.

மல்லாவி என்று சும்மா உதாரணத்துக்குச் சொல்லவில்லை. எங்கட அக்காவுக்கு வந்த சம்பந்தம் அந்தப் பக்கத்தால் வந்தது.

மாப்பிள்ளை வீட்டார் மூலத்தில் எங்கட ஆட்கள்தான். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு வன்னிக்குப் போய்க் கிளிநொச்சியில் குடியேறிய எத்தனையோ குடும்பங்களில் ஒன்று. யுத்தத்தில் அங்கிருந்தும் இடம்பெயர்ந்து, மாப்பிள்ளை 1997 இல் மல்லாவியில் ஒரு கொட்டிலில் பிறந்திருக்கிறார். அக்கா 1998 மார்ச் 2, டிக்கோயா ஆஸ்பத்திரி, காலை ஏழரை. கார்டில் தெளிவாக எழுதியிருக்கு.

மாப்பிள்ளையின் தங்கச்சி ஒரு ஜாதக ஆப்பில் இரண்டு பேருடைய விபரத்தையும் போட்டு, படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினாள். அக்காவுக்கு மீன லக்கினம், செவ்வாய் லக்கினத்திலேயே. நம்ம பக்கத்து முறைப்படி தோஷம் இல்லை. அம்மா படத்தைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. ஏனென்றால் பெட்டிக்குள் இருக்கிற பழைய ஜாதகத்தில், பொகவந்தலாவைச் சாஸ்திரக்காரர் கையால் எழுதியதில், கும்ப லக்கினம். செவ்வாய் இரண்டாம் இடம். தோஷம்.

வித்தியாசம் எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு ஐந்து நிமிஷம் கூட எடுக்கவில்லை, அந்தக் கோப்பு மனசில் இருந்ததால். 1998 இல் நாம் ஆறு மணித்தியாலத்தில் இருந்தோம். அக்காவின் ஏழரை, பழைய நேரத்தில் ஏழு மணி. சாஸ்திரக்காரர் அரை மணி கழித்துவிட்டுத்தான் கணித்திருக்கிறார், ஓரத்தில் பென்சிலால் "ப.நே. 7.00" என்றும் குறித்திருக்கிறார். ஆப் இலங்கை என்றால் எப்போதும் ஐந்தரை என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. கும்பத்தின் கடைசிப் பாகையில் நின்ற லக்கினம் அந்த அரை மணியில் மீனத்துக்குள் போய்விட்டது. நட்சத்திரம் மாறவில்லை, சந்திரன் அரை மணியில் கால் பாகைதான் நகரும். லக்கினம்தான் ஓடும், நான்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு பாகை.

எனக்கு ஜோசியத்தில் நம்பிக்கை இல்லை. வாசிக்கிற உங்களில் பலருக்கும் இருக்காது. ஆனால் நம்பிக்கை இல்லாத என்னையும் சேர்த்து அந்த இரவு வீட்டில் யாரும் நித்திரை கொள்ளவில்லை. பேசாமல் விட்டால் அக்காவுக்குத் தோஷம் இல்லை. ஒரு சொப்ட்வெயர் அப்டேட் ஆகாததால் வந்த அதிர்ஷ்டம். சித்தப்பா "அவங்களே போட்டுப் பாத்தது தானே, நம்ம என்ன பொய் சொன்னமா?" என்றார். அதுவும் ஒரு நியாயம்தான்.

அக்காதான் முடிவெடுத்தார். "நான் பொறந்த நேரம் ஏழர. அப்ப ஓடுன மணிக்கூடு எதுன்னு அவங்ககிட்ட சொல்லிருங்க. பொறகு தெரிஞ்சா என்னைத்தான் பேசுவாங்க."

என்னையே ஃபோன் எடுக்கச் சொன்னார்கள், விளக்கம் சொல்லத் தெரிஞ்சவள் என்று. மாப்பிள்ளையின் அம்மாவிடம் கடிகாரம் மாறிய கதையைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "எங்களுக்கு மாறேல்லையே பிள்ளை. நாங்கள் உள்ளுக்கெல்லோ இருந்தனாங்கள்" என்றார். மலையில் பிறந்து வளர்ந்தவர்தான், முப்பது நாற்பது வருஷத்தில் பேச்சு முழுக்க வன்னியாகிவிட்டது. அவருடைய மகன் பிறந்த மணியைச் சொன்னது மருத்துவிச்சியின் கைக்கடிகாரம், அது ஐந்தரையில் ஓடியது.

பிறகுதான் விளங்கியது, அந்த அப்டேட் இல்லாத ஆப் மாப்பிள்ளைக்குச் சரி, அக்காவுக்குப் பிழை. என் கூட்டாளி ஒழுங்கான டீஸெட் தரவை வைத்து இரண்டு பேரையும் "கொழும்பு" என்று போட்டுப் பார்த்தாள். இப்போது அக்காவுக்குச் சரி, மாப்பிள்ளைக்கு அரை மணி பிழை. இரண்டு பேருக்கும் சரியாக வர ஒரே வழி, அந்தக் குறிப்பு சொன்னபடி மாப்பிள்ளையைக் கொல்கத்தாவுக்கு மாற்றுவது. மாற்றினோம். ஒரு தீவுக்குள் முந்நூறு கிலோமீற்றர்கூட இல்லாத இடைவெளியில் பிறந்த இரண்டு பேருக்குப் பொருத்தம் பார்க்க இரண்டு நாட்டு நேர வலயம் தேவைப்பட்டது. பேச்சுவார்த்தை இன்னும் போகிறது. செவ்வாய்க்குப் பரிகாரம் இருக்கிறதாம், சீதனம்தான் இப்போது தடை. அதற்கு எந்தத் தரவுத்தளமும் உதவாது.

இதில் ஒரு பக்கக் கதை. ஜோசியக்காரர்களும் இந்தத் தரவுத்தளமும் பழைய சொந்தம். எந்த ஊரில் எந்த வருஷம் கடிகாரம் என்ன காட்டியது என்பதைக் கணினிக்காரருக்கு முன்னாலேயே அக்கறையாகத் தொகுத்தவர்கள் மேலைநாட்டு ஜோசியர்கள். டீஸெட் அவர்களுடைய அட்லஸையும் ஆதாரமாக எடுத்தது. அதற்காக 2011 இல் அஸ்ட்ரோலேப் என்ற ஜோசிய மென்பொருள் நிறுவனம் ஓல்சன், எகர்ட் இருவர்மீதும் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. தரவுத்தளம் கொஞ்ச நாள் இணையத்திலிருந்தே இறங்கியது. 2012 தொடக்கத்தில் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். இதற்கிடையில் இணைய முகவரிகளை நிர்வகிக்கிற ஐயானா அமைப்பு தரவுத்தளத்தைத் தன் கூரைக்குள் எடுத்தது. உலகத்தின் விமானங்களும் வங்கிகளும் நம்பியிருக்கிற ஒரு கோப்பு லக்கினக் கணக்கால் தடுமாறிய கதையை அம்மாவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

பேருக்குத் திரும்புகிறேன். கல்கத்தா 2001 இல் கொல்கத்தா ஆனது. டீஸெட்டில் அந்தப் பேர் மாற 2008 ஆயிற்று. 2022 இல் உக்ரேனின் தலைநகரத்தை ரஷ்ய உச்சரிப்பிலிருந்து கீவ் என்ற உக்ரேனிய எழுத்துக்கு மாற்றினார்கள், பல வருஷக் கேட்டலுக்குப் பிறகு. ஆனால் பழைய பேரை அழிப்பதில்லை. அழித்தால் அதை எழுதி வைத்திருக்கிற பழைய நிரல்கள் எல்லாம் நின்றுவிடும். அதனால் ஒரு இணைப்பு வரி போடுவார்கள்: இந்தப் பேரும் அந்தப் பேரும் ஒரே இடம்.

இதற்கு எங்களிடம் வேறு பேர் இருக்கிறது, சத்தியக் கடதாசி. என் அம்மாவின் பேர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, ஈபிஎஃப் தாளில் இன்னொரு மாதிரி. தோட்டத்து உத்தியோகத்தர் காதில் விழுந்தபடி எழுதினது, தமிழ் தெரியாத பதிவாளர் சிங்களத்திலிருந்து இங்கிலீசுக்கு மாற்றினது. அதனால் "மேற்சொன்ன மூவரும் ஒருவரே" என்று சமாதான நீதவானிடம் கையெழுத்து வாங்கிய தாளை அம்மா லெமினேட் செய்து வைத்திருக்கிறார். தோட்டத்தில் அநேகமாக எல்லா வீட்டிலும் இப்படி ஒன்று உண்டு. டீஸெட்காரர்கள் பழைய பேர்களைப் போட்டு வைக்கிற கோப்புக்கு "பின்னோக்கி" என்று பேர் வைத்திருக்கிறார்கள். அம்மா அதை ஃபைல் கவரில் வைத்திருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்றும் இருந்தது. 1996 க்குப் பிறகு கணினிகளில் இலங்கை நேரத்துக்கு "எல்கேடி" என்று ஒரு சுருக்கப் பேர் ஓடியது. எந்த அரசாங்கமும் அறிவிக்காதது, கணினி உலகம் தானே உண்டாக்கினது. பிற்பாடு இப்படி உண்டாக்கிய சுருக்கங்களை எல்லாம் டீஸெட் எடுத்துவிட்டு வெறும் எண்ணைப் போட்டது. இன்று அந்தக் கோப்பில் கொழும்பின் கடைசி வரியில் பேர் கிடையாது. கூட்டல் குறி, பூச்சியம், ஐந்து, மூன்று, பூச்சியம். எனக்கு அது பரவாயில்லை. ஆக்கள் தங்களுக்கு வைத்துக்கொள்ளாத பேரை வேறொருத்தர் வைப்பதைவிட எண் மேல்.

ஆனால் ஃபோன் எண்ணை மட்டும் காட்டுவதில்லை, சீஎல்டிஆர் சொல்கிற பேரையும் காட்டுகிறது. அங்கே இலங்கைக்கு 1996 மே தொடக்கம் 2006 ஏப்ரல் வரை "லங்கா" என்று தனி வகை ஒன்று உண்டு. அதற்கு முன்னும் பின்னும் "இந்தியா". கடிகாரம் ஒத்துப்போனால் பேரும் ஒன்றாகவே இருக்கட்டும் என்று யாரோ ஒரு பொறியியலாளர் சிக்கனமாக யோசித்திருப்பார். 1948 இல் பிரஜாவுரிமையைப் பறித்தபோதும் யாரோ சிக்கனமாகத்தான் யோசித்தார்கள், 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஆளுக்கு இத்தனை லட்சம் என்று பிரித்தபோதும் அப்படித்தான். நான் இரண்டையும் சமன் என்று சொல்லவில்லை. ஃபோனில் பேர் பிழையாக இருப்பதால் யாரும் கப்பலேறப் போவதில்லை. ஆனால் 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் எங்கட ஆட்கள் நடந்தபோது கேட்டவற்றில் ஒன்று, எங்களை மலையகத் தமிழர் என்று எழுதுங்கள் என்பது. பேர் என்பது சின்ன விஷயம் என்று அந்த நடையில் வந்த யாரிடமும் சொல்லிப் பாருங்கள்.

சீஎல்டிஆரில் திருத்தம் கேட்க யாரும் டிக்கெட் போடலாம். இலங்கைத் தமிழுக்கென்று அங்கே தனிப் பகுதியும் இருக்கிறது, இந்தியத் தமிழிலிருந்து வேறுபடுகிற சொற்களுக்காக. ஆங்கிலத்தில் எழுத வேண்டும், ஏன் மாற்ற வேண்டும் என்று ஆதாரம் காட்ட வேண்டும். நானும் கூட்டாளியும் வரைவு ஒன்று எழுதியிருக்கிறோம்: 2006 க்குப் பிறகும் கொழும்பை அந்த "லங்கா" வகையிலேயே வைத்திருங்கள், எண் மாறத் தேவையில்லை, பேர் மட்டும். தமிழ்க் காட்சிப்பேருக்கு "இலங்கை நேரம்" என்று போட்டிருக்கிறோம். அக்கா அதை வாசித்துவிட்டு, "பழைய நேரம்னே போடேன், எல்லாருக்கும் வெளங்கும்" என்றார். கூட்டாளி சிரித்தாள். டிக்கெட் இந்தக் கிழமை போகிறது. கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள், அதில் உங்கள் பேரை நீங்கள் எழுதுகிற மாதிரியே போடுகிறோம்.